குழாய்தான் மலிவு

அக்டோபர் 14, செவ்வாய்

பருத்திக்கொட்டை விலை மறுபடியும் ஏறிவிட்டது. எருமையிடம் சொன்னால் கேட்கவா போகிறது.

காலையில் மோட்டார் போடப் போனால், ரோட்டோரம் என் காட்டில் மஞ்சள் துணி கட்டிய குச்சிகள் வரிசையாக நிற்கின்றன. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முக்காலியில் வைத்த கருவிக்குள் கண்ணைச் சொருகிக்கொண்டு ஒருவன் நின்றான்.

"யாருப்பா நீ? யாரு காட்டுல குச்சி நடறே?"

"சர்வேங்கய்யா. கேஸ் பைப் போவுதுங்க. கடலோரத்துல இருந்து நம்ம தொழிற்பேட்டை வரைக்கும்."

குச்சியைப் பிடுங்கத்தான் குனிந்தேன். அதைக் கேட்டதும் நிமிர்ந்துவிட்டேன். வெயிலாக இருக்கிறதே, மோர் குடிக்கிறாயா என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து சொம்பை நீட்டினால் பாவாத்தாள் முறைக்கிறாள்.

"காட்டுல குச்சி நட்டவனுக்கு மோரு குடுக்கற மொத ஆளு நீங்கதானுங்க."

இவளுக்கு அந்தக் கூட்டம் மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் மின்சார டவர் நடுவதற்கு முன் கலெக்டர் ஆபீசில் ஒரு கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து, "கடலோரத்தில் வாயுவை எரித்துக் கரண்டாக்கி, அதை ஏன் ஊர் ஊராகக் கம்பியில் இழுத்து வருகிறீர்கள்? வாயுவாகவே குழாயில் கொண்டு வாருங்கள். குழாய்தான் மலிவு" என்றேன். மேடையில் இருந்த இன்ஜினியர், "பெரியவர் எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எட்டாவது என்றேன். சபை சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் என் மச்சினன், பாவாத்தாளின் தம்பி அர்த்தநாரி.

டவர் வந்தது. அதன் மேற்குப் பக்கத்துக் கைகளில் கம்பி ஏறியது. கீழே இருந்த தென்னைகள் போயின.

இன்று குழாய் வந்திருக்கிறது. நான் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. மோர் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 15, புதன்

நேற்று ஒன்றை எழுத விட்டுப்போயிற்று. அந்தக் குச்சிகள் ரோட்டோரத்துப் பன்னிரண்டு சென்ட்டின் நடுவே போகின்றன. அது மகள் சுலோசனாவுக்கு நான் எழுதிக் கொடுத்த மனை.

கொஞ்சம் தள்ளி நடச் சொன்னால் போயிற்று.

அக்டோபர் 19, ஞாயிறு

அர்த்தநாரி நான்கு பேரோடு வந்தான். குழாய் எதிர்ப்புக் குழு என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறான், அவனே தலைவன். எங்கே மைக் இருக்கிறதோ அங்கே அவன் தலைவன்.

"மாமா, அடுத்த மாசம் விசாரணை வெக்கறாங்க. நம்ம பக்கம் பேசறதுக்கு உங்களாட்டம் விவரம் தெரிஞ்ச ஆளு வேணும்."

"என்னத்தப் பேசோணும்?"

"கொழா வேண்டாம், ஏற்கெனவே இருக்கற டவர்லயே கரண்ட்டாக் கொண்டாந்துக்கோன்னு."

"நான் அன்னைக்கு என்ன சொன்னேன்?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது அன்னைக்குங்க மாமா."

அன்றைக்குச் சரியாக இருந்த கணக்கு இன்றைக்கு மட்டும் எப்படித் தப்பாகும் என்று கேட்டேன். கூட வந்த நான்கு பேரும் இன்னொரு டம்ளர் காப்பி கேட்டார்கள்.

என் கணக்கு புத்தகத்தில் படித்தது இல்லை, தோட்டத்தில் பார்த்தது. எங்கள் இருவர் தோட்டத்திலும் கரண்ட் சர்வீஸ் ஒரு கோடியில், போர்வெல் இன்னொரு கோடியில். அர்த்தநாரி போருக்குள் மோட்டாரை இறக்கி, அவ்வளவு தூரத்துக்கும் கேபிள் இழுத்தான். வழியிலேயே வோல்டேஜ் இறங்கி, மோட்டாருக்குப் போய்ச் சேர்வது பாதி உயிர். மோட்டாரின் காயில் எரியும், புதிதாகக் கட்டுவான், மறுபடி எரியும். நான் சர்வீஸ் பக்கத்திலேயே கம்ப்ரசரை வைத்து, காற்றைக் குழாயில் போருக்கு அனுப்பினேன். காற்று போய் அடியிலிருந்து தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருகிறது. இன்றுவரை காயில் எரிந்ததாகச் சரித்திரம் இல்லை. காற்றைக் குழாயில் அனுப்புவதும் வாயுவைக் குழாயில் அனுப்புவதும் ஒன்றுதான். தூரம்தான் கூட.

இதை எடுத்துச் சொன்னதற்கு அர்த்தநாரி, "உங்க கம்ப்ரசரு எத்தன கரண்ட்டுக் குடிக்குதுன்னு மீட்டர் பாத்திருக்கீங்களா மாமா? விவசாயத்துக்கு ஓசிக் கரண்ட்டு, அதனால உங்குளுக்குக் கணக்கே வல்லே" என்றான்.

காயில் எரிந்தவன் பேசுகிற பேச்சு இது.

அக்டோபர் 22, புதன்

வக்கீல் போன் செய்தார். டவரின் கிழக்குப் பக்கத்துக் கைகளில் இரண்டாவது லைன் இழுக்கக் கூடாது என்று நான் வாங்கிய தடை இன்னும் உயிரோடு இருக்கிறது. வாய்தா மறுபடி தள்ளிப்போயிருக்கிறதாம். நல்லது, தள்ளிக்கொண்டே போகட்டும். கிழக்குப் பக்கத்துத் தென்னைகள்தான் இந்தத் தோட்டத்திலேயே காய்ப்பு அதிகம். அந்தக் கைகள் காலியாகவே நிற்கட்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

சுலோசனா திருப்பூரிலிருந்து வந்தாள். வண்டியை நிறுத்தியவள் வீட்டுக்குள் வராமல் நேரே மனைக்குப் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன்.

மாப்பிள்ளையின் பனியன் கம்பெனியை மூடியதிலிருந்து அவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவள் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதித்தான் குடும்பம் ஓடுகிறது. வீட்டுக்காரர் சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இந்த மனையைக் காட்டித்தான் பாங்கில் லோன் வாங்கியிருக்கிறாள். தை மாத வாஸ்து நாளில் பூசை போடுவதாக இருந்தது.

"இந்தக் குச்சி எத்தன அடிக்குப்பா?"

"அறுபது."

"மனையே அறுபத்தி சொச்சந்தானே. மேல வீடு கட்டலாமா?"

"கட்டக் கூடாது. மரமும் வெக்கக் கூடாது. வெள்ளாமை பண்ணிக்கலாம்."

"அப்ப நான் இங்க கத்திரிக்காய் நட்டு அதுக்குள்ள குடியிருக்கறேன்."

தோட்டத்துக்கு உள்ளே எங்காவது கட்டிக்கொள்ளேன் என்றேன். ரோட்டு மனை என்றுதான் பாங்கில் லோன் கொடுத்தானாம், உள்ளே போனால் கொடுக்க மாட்டானாம். பாங்க்காரனுக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தமோ.

"அர்த்தநாரி மாமா உங்களப் பேசச் சொன்னாங்களாமே. மாட்டேன்னுட்டீங்களாமா?"

"பேசறேன்னுதான் சொன்னேன். என்ர கணக்கைப் பேசறேன்னு சொன்னேன்."

"உங்குளுக்கு மக முக்கியமா, கணக்கு முக்கியமாப்பா?"

இது என்ன கேள்வி? கணக்கு என்ன, வீட்டுக்கு வந்த ஒரம்பரையா, மகள் வந்தால் எழுந்து இடம் விடுவதற்கு?

சாப்பிடாமல் போய்விட்டாள். பாவாத்தாள் அவளுக்காக அரிசியும்பருப்பும் ஆக்கியிருந்தாள். அதையே எனக்கு இரண்டு வேளையும் போட்டாள், பேசாமல்.

நவம்பர் 2, ஞாயிறு

சர்வே ஆபீசுக்கு நான்கு தடவை போன் செய்தேன். குச்சியைத் தள்ளி நட முடியாதாம். ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் டவரின் கால். டவருக்குப் பக்கத்தில் கேஸ் குழாய் வரக் கூடாதாம். அங்கும் அந்தச் சனியன்தான் குறுக்கே நிற்கிறது.

நவம்பர் 5, புதன்

மழை. வீட்டிலும் யாரும் பேசவில்லை. அதனால் உட்கார்ந்து விசாரணைக்கான கணக்கைச் சுத்தமாக எழுதி முடித்தேன்.

குழாய்க்கு முதலில் பெருஞ்செலவு. இரும்பு, பள்ளம், ஆற்றுக்கு அடியில் துளை. வழியில் அங்கங்கே வாயுவைத் தள்ளிவிட கம்ப்ரசர் வேண்டும், அது தள்ளுகிற வாயுவிலேயே கொஞ்சத்தைத் தின்னும். அதற்கப்புறம் குழாய் வாயைத் திறக்காது. ஒரு குழாய் சுமக்கிற சக்தியைச் சுமக்க வரிசை வரிசையாக டவர் வேண்டும். அதோடு குழாய் என்பது ஒரு தொட்டி. இந்தப் பக்கம் வேண்டாமென்றால் வாயு உள்ளேயே காத்திருக்கும். கரண்ட் யாருக்காகவும் காத்திருக்காது.

கம்பிக்கு டவர், அலுமினியம், இரு முனையிலும் சப்ஸ்டேஷன். வழியெல்லாம் கம்பி சூடாகி ஒரு பங்கு போகிறது. அதைவிடப் பெரியது, கம்பியில் ஏறுவதற்கு முன்பே போகிற நஷ்டம். நூறு பங்கு வாயுவை எரித்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கரண்டாகிறது. மிச்சமெல்லாம் சூடாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. குழாயில் அந்தப் புகைபோக்கி நஷ்டம் கிடையாது.

ஆக, குழாய்தான் மலிவு. இதை எந்த இன்ஜினியரும் மறுக்க முடியாது.

பாவாத்தாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சீரியலின் சத்தத்தைக் கூட்டினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

சுலோசனா வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வந்தாள். அம்மாவைப் பார்க்க வந்தாளாம், என்னைப் பார்க்க வரவில்லையாம், வாசலிலேயே சொல்லிவிட்டாள். நான் கணக்குத் தாள்களைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனேன். காற்றில் பறக்காமல் இருக்கட்டும் என்று மேலே கண்ணாடிக்கூட்டை வைத்திருந்தேன். திரும்பி வந்தால் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏப்பா, இந்தப் பொகபோக்கி நஷ்டத்தக் கம்பிப் பக்கம் மட்டும் எழுதியிருக்கீங்க?"

"கொழாயில பொகபோக்கி ஏது?"

"கொழாயில இல்ல. கொழா முடியற எடத்துல? தொழிற்பேட்டைக்குப் போயி அந்தக் கேஸ வெச்சு என்ன பண்றாங்களாமா?"

"அடுப்பெரிப்பாங்க. பாய்லருக்கு ஊத்துவாங்க."

"எங்க பட்டறை பாய்லரு வெறகுல ஓடுதுப்பா. வெறகு சல்லிசாக் கெடைக்கறப்ப எவனும் கேசுக்கு மாறப்போறதில்ல. நோட்டீசுல என்ன போட்டிருக்குதுன்னு பாத்தீங்களா?"

நோட்டீஸை எடுத்து நீட்டினாள். தொழிற்பேட்டையில் அமையும் மின் உற்பத்தி நிலையத்துக்காக என்று இருந்தது. இத்தனை சிறிய எழுத்தில் அச்சடித்தால் வயசானவன் எப்படிப் படிப்பது?

"உங்க கம்ப்ரசருல காத்துப் போவுது. போயி, காத்தாவே தண்ணியத் தூக்குது. சரி. இவிய கேஸக் கொண்டு போயி மறுபடியும் எரிச்சு, மறுபடியும் கரண்ட்டாத்தான் ஆக்கறாங்க. அங்க எரிச்சாலும் பொகைதான், இங்க எரிச்சாலும் பொகைதான். ரெண்டு பக்கமும் எழுதுங்க, இல்லீன்னா ரெண்டு பக்கமும் அடிங்க."

சாயப்பட்டறையில் கணக்கு எழுதுகிறவள் என்னிடம் கணக்குப் பேசுகிறாள். அவளுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்ததே நான். கம்ப்ரசர் பம்பின் மேல் சாக்பீஸால் எழுதிச் சொல்லிக் கொடுத்தேன்.

"கத்திரிக்காய்க்கு நாத்து எங்கப்பா கெடைக்கும்?" என்று போகும்போது கேட்டாள்.

நவம்பர் 18, செவ்வாய்

நோட்டீஸில் அச்சடித்தவன் ஆயிரம் அச்சடிப்பான். கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். பஸ் ஏறித் தொழிற்பேட்டைக்குப் போனேன். கண்டக்டர் பாக்கிச் சில்லறை தரவில்லை.

வேலிக்கு உள்ளே அஸ்திவாரக் குழி தோண்டி, பக்கத்தில் புகைபோக்கித் துண்டுகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேனிடம், "இது எதுக்குப்பா?" என்று கேட்டேன்.

"கேஸ எரிச்சுக் கரண்ட்டு எடுக்கறதுக்குங்க."

"கரண்ட்ட ஏன் நேரா டவர்ல கொண்டுவரக் கூடாது?"

"அந்த டவர்ல ஒரு பக்கந்தான் கம்பி இருக்குதாமுங்க. இன்னொரு பக்கம் இழுக்க முடியாம ஏதோ வில்லங்கமாம். அதான் கொழாக் கொண்டு வராங்க."

டீ குடிக்காமலே வந்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

தலைவலி.

நவம்பர் 20, வியாழன்

வில்லங்கம் என்று அந்த வாட்ச்மேன் சொன்னது தப்பு. தடை என்பது சட்டப்படி வாங்கியது. வில்லங்கம் வேறு, தடை வேறு. அவனிடம் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

வழியில் எத்தனையோ தோட்டங்கள். தடை வாங்கியவன் நான் ஒருவன் மட்டும்தானா என்ன?

வக்கீலுக்குப் போன் செய்து கேட்டேன். "நீங்க ஒருத்தர்தானுங்கய்யா மீதி. மத்தவங்கெல்லாம் ராஜியாகி நாளாச்சு" என்று பெருமையாகச் சொன்னார்.

நவம்பர் 23, ஞாயிறு

பாவாத்தாள் இன்று தானாக வாயைத் திறந்தாள். விசாரணைக்கு வெள்ளை வேட்டி வேண்டுமா, காவி ஏறியது போதுமா என்று கேட்டாள். எனக்கு என்ன பேசுவது என்றே தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்து, வெள்ளை என்றேன்.

பொழுது சாயக் கிழக்குப் பக்கம் போய்த் தென்னைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். பாளை விட்டிருக்கின்றன. மேலே டவரின் காலிக் கைகள் மூன்று. காக்கை உட்காரக்கூட உதவாத உயரத்தில்.

நவம்பர் 26, புதன்

விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அர்த்தநாரி நாளைக்கு ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லுவான்.

தாலுகா ஆபீசில் ஃபேன் ஓடவில்லை. கரண்ட் இல்லை. கரண்ட்டைப் பற்றிய விசாரணைக்குக் கரண்ட் இல்லை, இது எப்படி இருக்கிறது? அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சுலோசனா லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அர்த்தநாரி பேசினான். மைக் வேலை செய்யாததால் பாதி பலம் போய்விட்டது. இருந்தாலும், "எங்க மண்ணத் தோண்டாதீங்க. இருக்கற டவர்லயே ரெண்டாவது லைன இழுங்க" என்று நன்றாகவே கேட்டான்.

குழாய்க் கம்பெனி இன்ஜினியர் எழுந்தார். சின்ன வயசு. "மேடம், இரண்டாவது லைன் இழுக்க முடிஞ்சிருந்தா இந்தத் திட்டமே வந்திருக்காது. கடலோரத்துலயே கரண்ட் எடுத்து அனுப்பியிருப்பாங்க. அவங்களுக்கும் அதுதான் செலவு கம்மி, டவர் ஏற்கெனவே நிக்குது. ஒரே ஒரு தோட்டத்துல கோர்ட் தடை இருக்கு."

"யாரோட தோட்டம்?"

அவர் தாளைப் புரட்டினார். அந்த நேரத்துக்கு எழுந்து வெளியே போயிருக்கலாம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்கே போவது?

"பழனப்பன் மகன் பொங்கியண்ணன்."

முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அர்த்தநாரி சிரிக்கவில்லை. குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பெரியவர் வந்திருக்காரா?" என்று அந்த அம்மா கேட்டார்.

எழுந்தேன். எழுதி வைத்த தாள்கள் மடியில் இருந்தன. எடுக்கவில்லை.

"கொழாதான் மலிவுங்க. அன்னைக்குக் கலெக்டர் ஆபீசுலயும் சொன்னேன், இன்னைக்கும் அதத்தான் சொல்றேன்."

கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஆனா ஒண்ணுங்க. டவரு நடறதுக்கு முன்னால கேட்டிருந்தாத்தான் கொழா மலிவு. நீங்க அன்னைக்குக் கேக்கல, எத்தனாவது படிச்சேன்னுதான் கேட்டீங்க. டவர நட்டுட்டீங்க. அதுக்கு அஸ்திவாரம் போட்டாச்சு, இரும்பு வாங்கியாச்சு, என்ர மரத்தயும் வெட்டியாச்சு. அந்தச் செலவெல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப நீங்க தர வேண்டியது கம்பிக்கு மட்டுந்தான். ஒரு தடவ குடுத்த வெலைய விட்டுப்போட்டு, மறுபடி மண்ணத் தோண்டறதுக்கு இன்னொரு வெல குடுப்பாங்களா யாராச்சும்?"

"அப்ப உங்க தடை உத்தரவுங்கய்யா?" என்றார் அந்த அம்மா.

"அது என்ர தடைங்க. வாங்குனவனே எடுத்துக்குவான்."

"எடுக்கறீங்களா?"

"கணக்கு அப்படித்தான் வருதுங்க."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். இன்ஜினியர் என்னிடம், "ஐயா எத்தனாவது வரைக்கும்..." என்று ஆரம்பித்தார். முறைத்தேன், நிறுத்திக்கொண்டார். பாவம், அவர் வேறு எதற்கோ கேட்டிருக்கலாம்.

வெளியே புளியமரத்தடியில் சுலோசனா நின்றாள்.

"எனக்காகவாப்பா?"

"உனக்காக எதுக்கு? கணக்கு. பொகபோக்கிய ரெண்டு பக்கமும் எழுதுனா அப்படித்தான் வரும்."

"ரெண்டு பக்கமும் எழுதுனீங்களா?"

"அடிச்சுட்டேன்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. இந்தத் தடவை சில்லறையைக் கேட்டு வாங்கினேன்.

டிசம்பர் 4, வியாழன்

வழக்கை வாபஸ் வாங்கக் கையெழுத்துப் போட்டேன். வக்கீலுக்குத்தான் வருத்தம். "இன்னும் பல வருசத்துக்கு இழுத்திருக்கலாமுங்கய்யா" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு.

டிசம்பர் 21, ஞாயிறு

கிழக்குப் பக்கத்து மரங்களில் மின்வாரியத்துக்காரன் சுண்ணாம்பால் நம்பர் போட்டுவிட்டுப் போனான். எண்ணவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

குழாய்க் கம்பெனியிலிருந்து ஆள் வந்து மனையிலிருந்த குச்சிகளைப் பிடுங்கினான். திட்டம் இப்போதைக்கு நிறுத்திவைப்பாம். 'இப்போதைக்கு' என்றால் என்ன என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடு என்றேன். அவன் குச்சி பிடுங்க மட்டும்தான் வந்தானாம்.

மோர் கொடுக்கவில்லை. பாவாத்தாள் கொடுத்தாள்.

ஜனவரி 20, செவ்வாய்

மரம் வெட்டினார்கள். இரைச்சலாக இருந்தது. நான் கம்ப்ரசருக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். ஆயில் மாற்ற வேண்டிய நாள்தான் இது.

பாவாத்தாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "போன மாசந்தான் ஆயில் மாத்துனீங்க" என்றாள். இவளுக்குக் கம்ப்ரசரைப் பற்றி என்ன தெரியும்?

வியாபாரி மரங்களை விலைக்குக் கேட்டான். தர மாட்டேன் என்றேன்.

ஜனவரி 26, திங்கள்

வாஸ்து பூசை. உடைக்கிற தேங்காய்க்குக் கடைக்குப் போகவில்லை, வெட்டிய மரத்துக் காயே குவியலாகக் கிடந்தது. அர்த்தநாரி பட்டுச்சட்டை போட்டு வந்தான். குழுவுக்குத் தலைவனாக இருந்து குழாயை நிறுத்தியவன் அவன்தான் என்று கொத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். சாப்பிடும்போது என் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, நானும் கம்ப்ரசருக்கு மாறிக்கட்டுமா? மறுபடியும் காயில் போச்சுங்க."

"மீட்டரு பாத்துக்க மாப்ள."

பாயசத்தில் புரையேறிவிட்டது அவனுக்கு.

சுலோசனா கிழக்கே பார்த்துவிட்டு, "அத்தன மரமும் போயிருச்சேப்பா" என்றாள்.

காய்ப்புக் குறைந்த மரங்கள், எப்படியும் வெட்ட வேண்டியவைதான் என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டாவது லைனில் கரண்ட் விட்டிருக்கிறார்கள். பனி விழுகிற காலையில் இரண்டு பக்கமும் சேர்ந்து கொர்ரென்கிறது. முன்பு ஒரு பக்கம்தான் இரைச்சல். எருமை மிரள்கிறது. மின்வாரியத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வராது என்று தெரியும். மறுபடி எழுதுவேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சுலோசனா வீட்டுக்கு இன்று மேல்தளம் கான்கிரீட். கொத்தனாரோடு நேற்றெல்லாம் சண்டை. "சென்ட்ரிங்குக்கு முட்டுக் குடுக்கச் சவுக்கே போதுமுங்க. இந்தத் தென்னையத் தூக்கவே நாலு ஆளு வேணும். என்னத்துக்குங்க?" என்றான். காசு கொடுத்து வாங்கியதா, வெட்டி வைத்தது வீணாகலாமா என்று கேட்டேன். கடைசியில் பாதி சவுக்கு, பாதி தென்னை என்று ஒப்புக்கொண்டான்.

காலையில் கலவை மிஷின் ஓடத் தொடங்கியதும் உள்ளே போய்ப் பார்த்தேன். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கத்து மரங்கள் தலை இல்லாமல் வரிசையாக நின்று கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தன. இரண்டொன்றில் சுண்ணாம்பு நம்பர் இன்னும் அழியவில்லை. சவுக்கை நம்ப முடியாது, இது அசையாது. கையை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

சுலோசனா டீ கொண்டு வந்தாள். சமையலறை எது என்று காட்டினாள். அதில் கரண்ட் அடுப்பு வைக்கப் போகிறாளாம்.

"கரண்ட் அடுப்பா? கேஸ அங்க எரிச்சு, பாதியப் பொகையில விட்டு, மிச்சத்தக் கம்பியில கொண்டாந்து, அதுல நீ காப்பி காய்ச்சுவியா? அதுக்குக் கேஸ நேரா அடுப்புலயே எரிச்சுட்டுப் போலாமே. இதுல பொகபோக்கிக் கணக்கு ஒரு பக்கந்தான் வரும், நல்லாப் பாத்துக்க."

அவள் சிரித்துக்கொண்டே, "சரிதானுங்கப்பா" என்றாள். அவள் வாயிலிருந்து சரி என்று வருவது இந்தச் சண்டையில் இதுதான் முதல் தடவை. அதனால் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

குழாய்தான் மலிவு.